குதிரைகளை அவிழ்த்துவிட்ட சாரதி

கடோபநிடதத்தில் எமன் நசிகேதனுக்கு ஒரு தேரைக் காட்டுகிறான். உடம்புதான் தேர். புத்தி சாரதி. மனம் லகான். புலன்கள் குதிரைகள். அவை ஓடுகிற பாதைகள் உலகத்துப் பொருள்கள். தேரில் அமர்ந்து வருவது ஆத்மா. எங்கள் ஊர் மண்டபத்தில் வியாழக்கிழமை சாயங்காலம் நடக்கும் உபநிடத வகுப்பில் இந்த இடம் வந்தபோது, ஆசிரியர் இரண்டு கைகளையும் மார்புவரை இழுத்து, லகானை இறுக்கிப் பிடிப்பதுபோல் காட்டினார். புலன்களை இப்படித்தான் அடக்க வேண்டும் என்றார். அந்தக் கையசைவை என்னால் ஒப்புக்கொள்ள முடியவில்லை. உபநிடதத்தின்மேல் எனக்கு எந்த மனத்தாங்கலும் கிடையாது. அதை எழுதியவர்களுக்குக் குதிரை தெரிந்திருக்கிறது. அதைப் படிக்கிற நமக்குத்தான் தெரியாமல் போய்விட்டது என்று நினைக்கிறேன்.

என் அப்பா ஊட்டி பந்தய மைதானத்தில் சயிஸாக, குதிரைகளைப் பராமரிப்பவராக, இருந்தவர். லாயத்திலேயே வளர்ந்தவள் நான். இப்போது கோவைக்குப் பக்கத்தில் ஒரு குதிரையேற்றப் பள்ளியில் எட்டு வயதிலிருந்து பதினான்கு வயதுவரை உள்ள பிள்ளைகளுக்குக் குதிரைப் பராமரிப்பு சொல்லிக்கொடுக்கிறேன். ஏறி ஓட்டக் கற்றுத்தர வேறு ஆசிரியர்கள் இருக்கிறார்கள். என்னுடைய வகுப்பு முழுக்கத் தரையில்தான்.

லகானை மார்புவரை இழுத்தால் என்ன நடக்கும் என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். குதிரையின் வாயில் முன்பற்களுக்கும் கடைவாய்ப் பற்களுக்கும் நடுவே பல்லே இல்லாத ஓர் இடைவெளி உண்டு. கடிவாளத்தின் இரும்பு அங்கேதான், வெறும் ஈற்றின்மேல், நாக்கின்மேல் உட்கார்ந்திருக்கிறது. சுண்டி இழுத்தால் குதிரை வலி தாங்காமல் தலையை வானத்துக்குத் தூக்கும். அப்போது அதற்குப் பாதை தெரியாது. தொடர்ந்து இழுத்தபடியே இருந்தால் வாய் மரத்துப்போய், இரும்பின்மேல் சாய்ந்துகொண்டு இன்னும் வேகமாக ஓடும். நானூற்றைம்பது கிலோ எடையுள்ள ஒரு பிராணியை முப்பது கிலோப் பிள்ளை கைபலத்தால் நிறுத்திவிட முடியாது. நிற்க வேண்டும் என்று குதிரைக்குத் தோன்றினால்தான் அது நிற்கும்.

உபநிடதம் இரண்டு வகைக் குதிரைகளைச் சொல்கிறது. மனம் ஒருநிலைப்படாதவனின் புலன்கள் சாரதிக்கு வாய்த்த முரட்டுக் குதிரைகளைப் போன்றவை. மனம் ஒருநிலைப்பட்டவனின் புலன்கள் நல்ல குதிரைகளைப் போன்றவை. நான் கேட்பது ஒன்றுதான்: முரட்டுக் குதிரைக்கும் நல்ல குதிரைக்கும் நடுவே என்ன நடந்தது? தேர் ஓடிக்கொண்டிருக்கும்போது அந்த மாற்றம் நடக்காது. அது லாயத்தில் நடக்கிறது. விடியற்காலையில், தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில், சாணம் அள்ளுகிற இடத்தில் நடக்கிறது. புலன்களைப் பற்றிப் பேசுகிற நம் உரைகள் தேரிலேயே தொடங்கித் தேரிலேயே முடிந்துவிடுகின்றன. லாயத்துக்குள் யாரும் வருவதில்லை.

கிரேக்கத்திலும் இதேபோல் ஒரு தேர் உண்டு. பிளேட்டோவின் ‘பைத்ரஸ்’ என்ற உரையாடலில் மனித ஆன்மாவுக்கு இரண்டு குதிரைகள், ஒரு சாரதி. ஒரு குதிரை வெள்ளை, சொன்னபடி கேட்கும். மற்றது கறுப்பு, ஆசை வெறி பிடித்தது. சாரதி அந்தக் கறுப்புக் குதிரையின் வாய் ரத்தமாகும்படி கடிவாளத்தைப் பின்னால் இழுத்து, பின்னங்கால்கள் தரையில் படும்படி சாய்க்கிறான். பலமுறை அப்படிச் செய்தபிறகு அது பயந்து பணிந்து பின்னால் வருகிறது. படிக்கும்போது எனக்கு வயிற்றைப் பிசைந்தது. பிளேட்டோவைப் போலவே சாக்ரடீஸிடம் பழகியவர் செனபோன். அவர் போர்வீரர், குதிரைக்காரர். குதிரையேற்றம் பற்றித் தனியாக ஒரு நூலே எழுதியிருக்கிறார். கோபத்தோடு குதிரையிடம் போகக் கூடாது என்கிறார் அவர். குதிரை ஒரு பொருளைக் கண்டு மிரண்டால் அடிக்காதே, நீயே போய் அதைத் தொட்டுக் காட்டு, மெல்ல அருகே கூட்டிக்கொண்டு போ என்கிறார். அடித்தால் அந்தப் பொருள்தான் வலியைத் தந்தது என்று குதிரை நினைத்துக்கொள்ளும், அடுத்த தடவை பயம் இன்னும் கூடும் என்று காரணமும் சொல்கிறார். இருபத்து நான்கு நூற்றாண்டு கழிந்தும் இந்தப் பாடத்தில் நான் திருத்துவதற்கு ஒன்றுமில்லை. ஒரே ஆசானின் இரண்டு மாணவர்களில் உலகம் பிளேட்டோவின் குதிரையைப் பிடித்துக்கொண்டது. என் மனம் செனபோனின் குதிரையோடுதான் போகிறது.

பிளேட்டோவின் கறுப்புக் குதிரைக்கு ஆசைதான் நோய். நிஜக் குதிரைக்கோ பயம்தான் எல்லாம். அது புல் மேய்கிற பிராணி, மற்ற மிருகங்களுக்கு இரை. கொம்பு இல்லை. ஓட்டம் ஒன்றுதான் அதன் காப்பு. ஓட வழி இல்லாவிட்டால் உதை. லாயத்தில் நடக்கிற விபத்துகளில் பெரும்பாலானவை யாருடைய கெட்ட எண்ணத்தாலும் நடப்பதில்லை. பின்னால் நிற்பது யார் என்று குதிரைக்குத் தெரியவில்லை, அவ்வளவுதான். அதன் கண்கள் தலையின் இரு பக்கமும் இருப்பதால் ஏறக்குறைய சுற்றிலும் பார்க்கும். ஆனால் இரண்டு இடங்கள் அதற்குத் தெரியாது. நெற்றிக்கு நேர் முன்னால் ஒரு சிறு இடம், வாலுக்கு நேர் பின்னால் ஓர் இடம். நம் பிள்ளைகள் ஆசையோடு ஓடிப்போய் நிற்பது சரியாக இந்த இரண்டு இடங்களில்தான்.

குதிரைமேல் உயிரையே வைத்திருக்கிற குழந்தைகள்தான் எனக்கு அதிகக் கவலை. பயந்த குழந்தை தள்ளி நின்று பார்க்கும். பிரியமுள்ள குழந்தை நேரே ஓடிவந்து முகத்தைக் கட்டிக்கொள்ளும். குதிரைக்குத் தெரியாத இடத்திலிருந்து இரண்டு கைகள் திடீரென்று முளைத்து வந்து கழுத்தைச் சுற்றினால் அது தலையை உதறும். அந்த ஒரு உதறலில் பல் போகும், மூக்கு உடையும். ‘நான் அதை நேசிக்கிறேன், அது என்னை ஏன் இடித்தது?’ என்று அழுகிற பிள்ளைக்கு நான் சொல்வது: உன் பாசம் உனக்குத் தெரியும் கண்ணு, அதன் கண்ணுக்கு அது தெரியவில்லை. இடது தோள்பட்டையை நோக்கி, சற்றே பக்கவாட்டில், நடந்து வா. வரும்போதே பேசிக்கொண்டு வா. முதலில் கழுத்தைத் தொடு. பின்பக்கம் போக வேண்டுமென்றால் இரண்டு வழி உண்டு. ஒன்று, முதுகில் வைத்த கையை எடுக்காமல், உடம்போடு ஒட்டிக்கொண்டு, பேசியபடியே சுற்றிப் போ. ஒட்டி நின்றால் உதையில் வேகம் ஏறாது. இல்லாவிட்டால் உதை எட்டாத தூரத்துக்கு விலகிப் போ. இரண்டுக்கும் நடுவே உள்ள இடம்தான் ஆபத்தானது.

அகிம்சையைப் பற்றி நான் கேட்ட எல்லாச் சொற்பொழிவுகளையும்விட இந்த ஒரு விதி எனக்கு அதிகம் கற்றுத்தந்திருக்கிறது. துன்புறுத்தக் கூடாது என்ற எண்ணம் மட்டும் போதாது. எதிரே உள்ள உயிருக்கு எங்கே கண் தெரியாது, எந்தச் சத்தம் அதைத் திடுக்கிட வைக்கும், எதைத் தின்றால் அதன் வயிறு கெடும் என்பதையெல்லாம் கற்க வேண்டியிருக்கிறது. அன்புக்கு இந்தப் பாடம் கட்டாயம். அறியாமல் செய்தேன் என்பதற்கு லாயத்தில் மன்னிப்பு உண்டு. ஆனால் உடைந்த எலும்பு உடைந்ததுதான்.

திருமந்திரத்தில் திருமூலர் மூச்சைக் குதிரையாகச் சொல்கிறார். உண்மையாக வருகிறவரை அந்தக் குதிரை சுமக்கும், மற்றவரைக் கீழே தள்ளிவிடும் என்பது அவர் கருத்து. போன வருடம் வந்த ஒரு பையன் பயத்தை வெளியே காட்ட மாட்டான். முகத்தில் சிரிப்பு, கை மட்டும் சில்லிட்டிருக்கும். சேணத்தில் உட்கார்ந்ததும் மூச்சைப் பிடித்துக்கொள்வான். மூச்சு நின்றால் தொடை இறுகும், முதுகு விறைக்கும், முழங்கால் சேணத்தைக் கவ்வும். மேலே இருக்கிறவன் எதையோ கண்டு பயந்துவிட்டான் என்றுதான் குதிரைக்கு அதில் அர்த்தமாகும். காதுகள் முன்னும் பின்னும் அலையும், நடை சிறுக்கும். அவனைக் கீழே இறக்கி, குதிரையின் விலாவில் கையை வைத்து அதன் மூச்சை எண்ணச் சொன்னேன். ஓய்வாக நிற்கிற குதிரை நிமிடத்துக்கு எட்டிலிருந்து பதினாறு முறைதான் மூச்சு விடும். அதோடு சேர்ந்து அவனும் மெதுவாக மூச்சை வெளியே விட்டான். கொஞ்ச நேரத்தில் குதிரை தலையைத் தாழ்த்தி, உதட்டை மென்று, நீளமாக ஒரு பெருமூச்சு விட்டது. பையன் என்னைத் திரும்பிப் பார்த்து, ‘பயமா இருக்குங்க மிஸ்’ என்றான். முதன்முதலாக. அன்றைக்கு அவனை மறுபடியும் ஏற்றினேன். திருமூலரை விளக்க எனக்குத் தகுதி இல்லை. ஆனால் பயத்தை மறைக்கிறவனைக் குதிரை நம்புவதில்லை என்பதை என் கண்ணால் பார்த்திருக்கிறேன்.

இனி லாய வேலை. குதிரையால் வாந்தி எடுக்க முடியாது. உள்ளே போனது வாய் வழியாகத் திரும்பாது. உடம்பு பெரிது, இரைப்பை சிறிது. நாளெல்லாம் கொஞ்சம் கொஞ்சமாகப் புல்லும் வைக்கோலும் தின்பதற்காக அமைந்த வயிறு அது. கொள்ளு, ஓட்ஸ், தவிடு இவற்றை ஒரே மூச்சில் மூட்டையோடு தின்றுவிட்டால் வயிற்றுவலியிலேயே செத்துப்போகும், பிழைத்தாலும் குளம்பு வீங்கி நொண்டியாகிவிடலாம். அதனால் என்னிடம் வருகிற பிள்ளைக்கு முதல் வேலை தீவன அறைக் கதவின் தாழ்ப்பாள். போட்டாயா, இழுத்துப் பார்த்தாயா? குதிரையைத் தொடுவதற்கு முன்பே இது. யாரும் பாராட்டாத, படம் எடுக்காத வேலை. நான் பிரார்த்தனை என்று எதையாவது செய்கிறேன் என்றால் ராத்திரி அந்தத் தாழ்ப்பாளை ஒருமுறை தொட்டுப் பார்த்துவிட்டு வருவதுதான்.

பிறகு குளம்பு. செம்பி என்றொரு கிழக் குதிரை எங்களிடம் இருக்கிறது. அதன் முன்னங்காலில்தான் எல்லாப் பிள்ளைகளும் பழகுகிறார்கள். தோளுக்குப் பக்கத்தில், வாலைப் பார்த்தபடி நிற்க வேண்டும். கையைத் தோளிலிருந்து கீழே, முழங்காலைத் தாண்டி, பின்நரம்புவரை வருடிக்கொண்டே இறக்கி, லேசாக அழுத்தினால் செம்பி எடையை மற்ற மூன்று கால்களுக்கு மாற்றிவிட்டுக் காலைத் தூக்கித் தரும். குத்தூசியால் குதிகால் பக்கத்திலிருந்து நுனி நோக்கி மண்ணையும் சாணத்தையும் எடுக்க வேண்டும். நடுவில் முக்கோணமாக ரப்பர் போல ஒரு மெத்தை இருக்கும், அதைக் குத்திவிடக் கூடாது. அதன் இரு பக்கப் பள்ளங்களில் கறுப்பாக, அழுகின நாற்றத்தோடு ஏதாவது வந்தால் உடனே என்னிடம் சொல்ல வேண்டும். ஈரத்தில் நின்று குளம்பு அழுகத் தொடங்கியிருக்கும். தரையில் மண்டியிடக் கூடாது, உட்காரக் கூடாது. குந்தி இருந்தால்தான் சட்டென்று எழுந்து விலக முடியும். ஓடிப் பிழைக்கிற ஒரு பிராணி தன் காலை நம் கையில் கொடுத்துவிட்டு நிற்கிறது. உயிரையே கொடுத்துவிட்டு நிற்கிறது என்றுதான் அதற்குப் பொருள். இதைச் சொல்லும்போது சத்தம் போடுகிற பிள்ளைகள்கூட அமைதியாகிவிடுகிறார்கள்.

மற்றவை சின்னச் சின்ன விதிகள். கயிற்றைக் கையில் சுற்றிக்கொள்ளாதே, மடித்துப் பிடி. குதிரை ஓடினால் சுற்றிய கயிறு விரலை எடுத்துக்கொண்டுதான் போகும். ஒரே இழுப்பில் அவிழ்கிற முடிச்சுப் போடு. தின்பண்டத்தை விரித்த உள்ளங்கையில் வைத்துக் கொடு. குதிகால் உள்ள ஷூ போடு, இல்லாவிட்டால் அங்கவடிக்குள் பாதம் முழுக்க நுழைந்து மாட்டிக்கொள்ளும். ஹெல்மெட்டின் வாரைப் பூட்டு. சேணத்தின் வயிற்றுவாரை ஏறுவதற்கு முன்பு ஒருமுறை, சிறிது நடத்திவிட்டு இன்னொரு முறை சரிபார். மேய்ச்சலில் அவிழ்த்துவிடும்போது அதன் தலையை உன் பக்கம் திருப்பி நிறுத்திவிட்டு அவிழ். துள்ளி ஓடுகிற சந்தோஷத்தில் அது உதைத்தாலும் உன்மேல் படாது.

பராமரிப்புத் தெரியாமல் ஆசைப்படுவது நம் மண்ணில் பழைய கதை. 13ஆம் நூற்றாண்டின் கடைசியில் பாண்டிய நாட்டுக்கு வந்த மார்க்கோ போலோ, ஹோர்முஸிலிருந்தும் ஏடனிலிருந்தும் கப்பல் கப்பலாகக் குதிரைகள் வந்து இறங்கியதையும், பேணத் தெரியாததால் அவற்றில் பெரும்பாலானவை வருடத்துக்குள் மாண்டுபோனதையும் எழுதிவைத்திருக்கிறார். சோறும் இறைச்சியும் சமைத்துப் போட்டார்களாம். குதிரை விற்றவர்கள் குதிரை வைத்தியர்களை இந்தப் பக்கம் வரவிடவில்லை, செத்தால்தானே அடுத்த கப்பல் விற்கும் என்றும் சொல்கிறார். பொன்னைக் கொட்டி வாங்கிய அரசர்கள் அவர்கள். அதே பாண்டிய நாட்டுக் குதிரை வாணிபத்தைத்தான் திருவிளையாடற் புராணமும் சொல்கிறது. குதிரை வாங்கக் கொடுத்த பொன்னைப் பாண்டியனின் அமைச்சர் வாதவூரர் பெருந்துறையில் கோயில் பணிக்குச் செலவழித்துவிட, சிவனே குதிரை வணிகனாக மதுரைக்கு வருகிறார். கயிறு மாற்றி அரசனிடம் குதிரைகளை ஒப்படைக்கிறார். கயிறு கை மாறிவிட்டால் அதற்குப் பிறகு நல்லது கெட்டது எல்லாம் வாங்கியவன் பொறுப்பு. ராத்திரியில் அந்தப் பரிகள் நரிகளாகி, லாயத்தில் கட்டிக்கிடந்த பழைய குதிரைகளைக் கடித்துக் குதறுகின்றன. கதையைக் கேட்கிறவர்கள் வாதவூரருக்காக அழுவார்கள், அது நியாயம்தான். எனக்கு அந்தக் கட்டிக்கிடந்த குதிரைகள் மனதில் நிற்கின்றன. ஓட்டம்தான் காப்பு என்று படைக்கப்பட்டதை நாம் கயிற்றால் கட்டுகிறோம். கட்டிய நிமிடத்திலிருந்து அதன் காப்பு நாம்தான். பிள்ளை முதன்முதலாகக் குதிரையை லாயத்திலிருந்து வெளியே நடத்திக்கொண்டு போகிற அன்று, கயிற்றை என் கையிலிருந்து வாங்கி, ‘வாங்கிட்டேங்க மிஸ்’ என்று வாயால் சொல்லிவிட்டுத்தான் நகர வேண்டும் என்று வைத்திருக்கிறேன்.

மகாபாரதத்தில் என் வேலைக்குக் கடவுளே சாட்சி சொல்கிற இடம் ஒன்று உண்டு. துரோண பருவம், போரின் பதினான்காம் நாள். சூரியன் மறைவதற்குள் ஜயத்ரதனைக் கொல்லாவிட்டால் தீயில் இறங்குவேன் என்று அர்ஜுனன் சபதம் போட்டிருக்கிறான். ஒவ்வொரு நாழிகையும் உயிர். பொழுது சாயத் தொடங்குகிறது, எதிரிப் படை நடுவே தேரின் குதிரைகள் அம்பு தைத்து, தாகத்தில் தள்ளாடுகின்றன. அர்ஜுனன் தேரிலிருந்து கீழே குதித்து, தரையில் நின்றபடியே படையைத் தடுக்கிறான். அம்பால் பூமியைப் பிளந்து நீர்நிலை உண்டாக்குகிறான். கண்ணன் குதிரைகளை அவிழ்க்கிறார். தைத்திருந்த அம்புகளைத் தன் கையால் பிடுங்குகிறார், உடம்பைத் தேய்த்துவிடுகிறார், தண்ணீர் காட்டுகிறார், புரளவிடுகிறார். களைப்பு தீர்ந்தபிறகுதான் மறுபடியும் பூட்டுகிறார். திருவல்லிக்கேணியில் பார்த்தசாரதி உற்சவர் முகத்தில் பீஷ்மரின் அம்பு பட்ட தழும்புகளைக் காட்டுவார்கள். சாரதி முன்னால் உட்கார்கிறவர், முதல் அம்பு அவருக்கு. குதிரைகளின் காயத்தை அவர் அறிந்ததில் வியப்பில்லை. கீதை சொன்ன வாயை எல்லோரும் கும்பிடுகிறார்கள். நான் அந்தக் குதிரைகளைத் தேய்த்துவிட்ட கைகளையும் கும்பிடுகிறேன்.

உபநிடதத்தின் சாரதியாக இந்தக் கண்ணனை வைத்துப் படித்தால் அடக்கம் என்பது வேறாகத் தெரிகிறது. புலன்களுக்கும் களைப்பு உண்டு, காயம் உண்டு, பயம் உண்டு. பசித்த கண்ணையும் மிரண்ட காதையும் இழுத்துப் பிடித்தால் அவை வானத்தைப் பார்த்துத் தலை தூக்கும். வேளைக்கு உணவு, வேளைக்கு ஓய்வு, எதைக் கண்டு மிரள்கின்றனவோ அதன் அருகே கூட்டிப்போய்த் தொட்டுக் காட்டுவது, இப்படித்தான் அவை நல்ல குதிரைகளாகும். கண்டிப்பு வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. கடிக்க வருகிற குதிரைக்கு அந்த நொடியிலேயே, உரத்த குரலில், ‘வேண்டாம்’ என்று சொல்லியாக வேண்டும். பத்து நிமிடம் கழித்து அடிப்பது கண்டிப்பு ஆகாது. அது நம் கோபம், குதிரைக்கு அதில் கற்க ஒன்றுமில்லை.

ஆனாலும் ஒரு கேள்வியை இந்த உருவகம் தீர்க்கவில்லை. என் புலன்கள் என்னுடையவை. லாயத்தில் நிற்கிற குதிரை என்னுடையது இல்லை. பணம் கொடுத்து வாங்கியிருந்தாலும் அது தனி உயிர், அதற்கென்று ஒரு பிறவி இருக்கிறது. ‘நாம மேல ஏறுறது அதுக்குப் பிடிக்குமா மிஸ்?’ என்று பிள்ளைகள் கேட்கிறார்கள். கேட்காத பிள்ளையைவிடக் கேட்கிற பிள்ளையை எனக்குப் பிடிக்கும். பிடிக்கும் என்று பொய் சொல்ல மாட்டேன். அதனிடம் யாரும் அனுமதி வாங்கவில்லை. ஏறலாம் என்று நமக்கு உரிமைப் பத்திரம் எழுதிக்கொடுத்த சாத்திரம் எதையும் நான் படித்ததில்லை. ஆனால் குதிரை நமக்குச் சொல்வதைக் கேட்கலாம். சேணத்தை எடுத்துக்கொண்டு வரும்போது காதைப் பின்னால் மடக்கிப் படியவைத்தால், வாலைச் சுழற்றினால், வார் இறுக்கும்போது திரும்பிக் கடிக்க வந்தால், அது ‘முடியாது’ என்கிறது. முதுகில் புண் இருக்கலாம், சேணம் பொருந்தாமல் இருக்கலாம், வயிறு சரியில்லாமல் இருக்கலாம். அன்றைக்கு ஏறக் கூடாது. பணம் கட்டியாகிவிட்டது, ஞாயிற்றுக்கிழமை ஒருநாள்தான் வர முடிகிறது என்று பெற்றோர் வருத்தப்பட்டாலும் ஏறக் கூடாது. அதனுடைய ‘முடியாது’ எடுபடுகிற இடத்தில்தான் ஏறுவதற்கு நமக்குக் கொஞ்சமாவது நியாயம் இருக்கிறது என்பது என் முடிவு.

உபநிடதத்தில் நல்ல சாரதி வாய்த்தவன் வழியின் கரையை, விஷ்ணுவின் பரமபதத்தை, அடைகிறான். பயணம் முடிந்த குதிரைகளை யார் அவிழ்த்தார்கள், யார் தண்ணீர் காட்டினார்கள் என்று அந்த இடத்தில் இல்லை. உருவகத்தில் அது தேவையில்லைதான். எங்களுக்குத் தேவை. பந்தயத்தில் ஓடி, ஓட்டம் குறைந்து, பிறகு பள்ளியில் பிள்ளைகளைச் சுமந்து, இப்போது யாரும் ஏறாத செம்பிக்கு மற்றக் குதிரைகளுக்குப் போலவே தீவனம், லாடக்காரர், தடுப்பூசி எல்லாம் உண்டு. பல் தேய்ந்துவிட்டதால் தவிட்டை ஊறவைத்துக் கொடுக்கிறோம். ஏற முடியாத குதிரையைத் தேய்ப்பதற்கா பணம் கட்டினோம் என்று ஒரு அப்பா கேட்டார். ஆமாம் என்றேன். புதிதாகச் சேர்கிற எல்லாப் பிள்ளைகளையும் முதல் மாதம் செம்பியிடம்தான் விடுகிறேன். அவர் பெண்ணும் அப்படித்தான் தொடங்கினாள், இந்தச் சனிக்கிழமை பின்னங்காலை எடுக்கக் கற்றுக்கொள்ளப் போகிறாள்.